நாற்காலி கொடுத்தோம், வழி கொடுத்தோமா?

(நமது அறக்கட்டளையின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், மஃரிப் தொழுகைக்குப் பின் செயலாளர் ஆற்றிய உரை)



எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் சலவாத்தும் சலாமும் உண்டாவதாக.



பொருளாளர் அவர்கள் இப்போதுதான் வரவு செலவு வாசித்தார்கள். கல்வி உதவி, மருத்துவ உதவி, குமர் காரியம், நோன்புக் கஞ்சி, சக்கர நாற்காலி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகை வந்தது. நீங்களும் மாஷா அல்லாஹ் என்றீர்கள். அந்தக் கணக்கில் பிழை இல்லை. ஆனால் கணக்கில் வராத ஒரு விஷயம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இன்று நிற்கிறோம்.

சென்ற ரமலானில் சக்கர நாற்காலி வழங்கும் நிகழ்ச்சி நடத்தினோம். மேடை போட்டோம், சால்வை போர்த்தினோம், போட்டோ எடுத்தோம். அந்தப் படம் இந்த இதழிலும் வந்தது. மூன்று மாதம் கழித்து, கொடுத்த பொருள் பயன்பாட்டில் இருக்கிறதா என்று வீடு வீடாகப் பார்க்கப் போனோம். ஒரு வீட்டில் நாற்காலி மடித்துக் கதவுக்குப் பின்னால் சாத்தியிருந்தது. மேலே துவைத்த துணி கிடந்தது. வாங்கியவர் இருபத்தாறு வயது இளைஞர். கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டு அடிபட்டவர்.

"நாற்காலி சரியில்லையா தம்பி?" என்று கேட்டோம்.

"நாற்காலி நல்லாத்தான் இருக்கு மாமா. போறதுக்குத்தான் எடம் இல்ல" என்றார்.

எங்களுக்கு முதலில் புரியவில்லை. பிறகு அவரே சொன்னார். விழுந்த நாளிலிருந்து நான்கு வருடமாக அவர் ஜும்ஆவுக்கு வரவில்லை. "கூப்பிட்டா நாலு பேரு வந்து தூக்கிட்டுப் போவாங்க. இல்லன்னு சொல்லல. ஆனா வாரா வாரம் தூக்குறவங்க மூஞ்சியப் பாக்க முடியல மாமா."

திரும்பி வரும்போது நம் பள்ளிவாசல் வாசலில் நின்று பார்த்தோம். ஐந்து படிகள். எத்தனையோ வருடமாக ஏறி இறங்குகிறோம், ஒரு நாளாவது அதை எண்ணியிருப்போமா? படி நமக்கு ஏறும் வழி. அந்தத் தம்பிக்கு அதுதான் சுவர். சக்கர நாற்காலி கொடுத்த நாங்கள்தான் அந்தச் சுவரையும் வைத்துக்கொண்டிருந்தோம். நிகழ்ச்சியைப் பள்ளிவாசலில் வைக்காமல் மண்டபத்தில் வைத்ததற்குக் காரணம்கூட, அங்கே வாசல் தரையோடு இருக்கிறது என்பதுதான். அப்போதும் நாங்கள் யோசிக்கவில்லை.

பெரியோர்களே! அதன் பிறகு எங்கள் பதிவேட்டை எடுத்துப் பார்த்தோம். உதவிக்கு மனுப் போட்டவர்களின் பெயர் மட்டும்தான் அதில் இருந்தது. மனுப் போடாதவர்கள் எங்கே? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் மாற்றுத்திறனாளிகள் சுமார் 2.68 கோடிப் பேர். நூற்றுக்கு 2.21 பேர். நம் மஹல்லாவில் ஏறத்தாழ 4000 பேர் இருக்கிறோம். அந்தக் கணக்குப்படி பார்த்தாலே எண்பதுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அந்தக் கணக்கெடுப்புக்குப் பிறகு வந்த 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பழைய சட்டத்தில் ஏழு வகையாக இருந்ததை 21 வகையாக விரித்திருக்கிறது. ஆட்டிசம், கற்றல் குறைபாடு, தசைச் சிதைவு நோய், பார்க்கின்சன் நோய், ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டோர் எல்லாம் அதில் வருகிறார்கள். அப்படியானால் எண்ணிக்கை இன்னும் கூடும்.

நம் மகளிர் குழுச் சகோதரிகள் தெருத் தெருவாகப் போனார்கள். ஆண்கள் போனால் திறக்காத கதவு அவர்களுக்குத் திறந்தது. எங்கள் பதிவேட்டில் இருந்ததைப் போல மூன்று மடங்குப் பெயர்கள் வந்தன. எங்கே இருந்தார்கள் இவ்வளவு பேரும்? பின்கட்டில் இருந்தார்கள். மாடியில் இருந்தார்கள். ஒரு தாய் சொன்னதை அந்தச் சகோதரி வந்து சொன்னபோது எங்களால் பேச முடியவில்லை. மூத்த மகளுக்குப் பெண் பார்க்க வரும் நாளில், மனவளர்ச்சி குன்றிய இளைய மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிடுவார்களாம். "தெரிஞ்சா சம்பந்தம் நின்னு போகும்மா" என்றாராம். பெற்ற தாய்க்கு அது விருப்பமா? இல்லை. சம்பந்தம் பேச வரும் நாம்தான் அவரை அந்த நிலைக்குத் தள்ளினோம். மறைத்தது அவர் கை, மறைக்க வைத்தது நம் வாய்.

வாய் என்று சொன்னதும் இன்னொன்று. நம் ஊரில் ஒரே பெயரில் பத்துப் பேர் இருப்பார்கள். அடையாளத்துக்குப் பட்டப்பெயர் வைப்போம். நொண்டி, செவிடு, குருட்டு, ஊமை என்று முன்னால் ஒரு சொல் சேரும். பிறகு அது அவர் பிள்ளைக்கும் பேரனுக்கும் வீட்டுப் பெயராகிவிடும். எங்கள் அறக்கட்டளையின் பழைய ஜகாத் பதிவேட்டில் இப்படி எழுதியிருப்பதை எங்கள் கண்ணால் பார்த்தோம். உதவி கொடுத்த கைதான் அதை எழுதியிருக்கிறது. ஒருவரை ஒருவர் பரிகசிக்க வேண்டாம், பட்டப்பெயரிட்டு அழைக்க வேண்டாம் என்று சூரா ஹுஜுராத்தில் அல்லாஹ் தடுத்திருப்பது நமக்குத் தெரியாதா? ஹஜ்ரத் எத்தனை முறை பயான் செய்திருப்பார்கள்! இனி அறக்கட்டளையின் எந்தத் தாளிலும் அப்படி ஒரு சொல் வராது. தெருவில் வராமல் பார்ப்பது உங்கள் பொறுப்பு.

சகோதரர்களே! இந்த விஷயத்தை நாம் இரக்கம் என்ற ஒரே கணக்கில் எழுதி வைத்திருக்கிறோம். நபி (ஸல்) அவர்களின் காலத்தில் அது எப்படி இருந்தது என்று பாருங்கள்.

அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) பார்வையற்றவர்கள். குறைஷித் தலைவர்களோடு பேச்சு நடந்துகொண்டிருந்த நேரத்தில் அவர்கள் வந்து கேட்டதும், நபியவர்களின் முகம் சுளித்ததும், அதைக் கண்டித்து சூரா அபஸ இறங்கியதும் நாம் அறிந்ததே. பலரும் அந்த இடத்தோடு நிறுத்திவிடுகிறோம். அதற்குப் பின் நடந்ததுதான் நமக்குப் பாடம். நபியவர்கள் படையெடுத்து வெளியே போனபோது, மதீனாவின் பொறுப்பை அவர்களிடம் பலமுறை ஒப்படைத்தார்கள். பிலால் (ரலி) அவர்களோடு அவர்களும் முஅத்தினாக இருந்தார்கள். ரமலானில் பிலால் இரவிலேயே பாங்கு சொல்வார்கள். இப்னு உம்மி மக்தூம் சொல்லும் பாங்குதான் சஹர் முடிந்ததற்கு அடையாளம். பார்வையற்ற ஒருவர் விடியலை எப்படி அறிவார்? விடிந்துவிட்டது என்று மக்கள் சொல்வார்கள், அதன் பிறகு அவர்கள் பாங்கு சொல்வார்கள் என்று ஹதீஸில் வருகிறது. கண்ணின் வேலையை ஊர் செய்தது, நாவின் வேலையை அவர்கள் செய்தார்கள். அவர்களால் முடியாது என்று அந்தப் பணியை வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்கவில்லை.

இத்பான் இப்னு மாலிக் (ரலி) அவர்களின் செய்தியும் புகாரியில் இருக்கிறது. அவர்கள் தம் கூட்டத்தாருக்குத் தொழுகை நடத்தி வந்தவர்கள். பார்வை மங்கியது. மழை வந்தால் ஓடையில் வெள்ளம் வரும், பள்ளிக்குப் போக முடியாது. தம் வீட்டில் வந்து ஓரிடத்தில் தொழுதால் அதையே தொழுமிடமாக்கிக்கொள்வேன் என்று நபியவர்களிடம் கேட்டார்கள். நபியவர்கள் அபூபக்ர் (ரலி) அவர்களோடு வந்தார்கள். வந்தவர்கள் உட்காரக்கூட இல்லை. வீட்டில் எந்த இடத்தில் தொழ வேண்டும் என்று விரும்புகிறீர் என்று கேட்டார்கள். கவனியுங்கள்! அல்லாஹ்வின் தூதர் அவர்கள் தாமாக ஓரிடத்தைத் தீர்மானிக்கவில்லை. அந்தத் தோழரைக் கேட்டார்கள். நாங்கள் மேடை போட்டு நாற்காலி கொடுத்தோமே, எவரையாவது கேட்டோமா?

இந்தப் பாடம் புரிந்த பிறகும் எங்களுக்கு உடனே புத்தி வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம். பள்ளிவாசலில் சரிவுப் பாதை கட்டுவது என்று நிர்வாகக் குழுவில் பேசினோம். ஒரு ஹாஜியார், "ஒண்ணு ரெண்டு பேருக்காக இவ்வளவு செலவா?" என்றார்கள். அவர்கள் கேட்டதில் தப்பில்லை, எல்லோர் மனதிலும் இருந்ததைத்தான் கேட்டார்கள். பதில் ஹஜ்ரத் சொன்னார்கள். முட்டுவலியால் வீட்டிலேயே தொழும் பெரியவர்கள் எத்தனை பேர்? மய்யித்தைச் சந்தூக்கில் வைத்து இந்தப் படியில் இறக்கும்போது எத்தனை முறை கை நடுங்கியிருக்கிறது? இன்று நடக்கிற நாம் நாளைக்கும் நடப்போம் என்று யார் எழுதிக் கொடுத்தது? பேச்சு அதோடு முடிந்தது.

முன்வாசல் ஐந்து படி, ஒவ்வொன்றும் ஏழு அங்குலம், மொத்தம் 35 அங்குலம். வடக்கு வாசலில் இரண்டே படி, 14 அங்குலம். வடக்கே கட்டலாம் என்று முடிவானது. கொத்தனார் ஆறடி நீளத்தில் அழகாகக் கட்டித் தந்தார். அந்தத் தம்பி வந்தார். பாதி ஏறியதும் நாற்காலி பின்பக்கம் சாய்ந்தது. பின்னால் நின்றவர்கள் பிடித்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும்! விசாரித்த பிறகுதான் விதி தெரிந்தது. ஒரு அங்குல உயரத்துக்குப் பன்னிரண்டு அங்குல நீளம் வேண்டும். அதாவது 14 அங்குலத்துக்கு 14 அடி. கட்டியதை இடித்து மறுபடி கட்டினோம். பணம் இரண்டு முறை செலவானது. கட்டும் முன்பே அவரைக் கேட்டிருந்தால் ஒரு முறையில் முடிந்திருக்கும்.

இப்போது பதினான்கு அடிப் பாதையும் இருபுறக் கைப்பிடியும் இருக்கிறது. சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அவர் தாமாகச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்து ஜும்ஆ தொழுதார். தொழுகை முடிந்து சலாம் கொடுத்தபோது நன்றி சொல்வார் என்று நினைத்தோம். "மாமா, ஒளூ செய்யிற எடத்துக்குப் போற வழியில ஒரு நிலைப்படி இருக்கு. பாத்ரூம் கதவுல நாற்காலி நுழையல" என்றார். அன்றைக்கு எங்களுக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அதுதான் என்று நினைக்கிறோம். விருந்தாளி குறை சொல்ல மாட்டார், வீட்டுக்காரர்தான் சொல்வார். அவரையே கட்டடக் குழுவில் உறுப்பினராக்கிவிட்டோம். உட்கார்ந்து ஒளூ செய்ய உயரமான குழாயும் திண்டும், அகலக் கதவும் பிடிமானக் கம்பியும் உள்ள கழிப்பறையும் அடுத்த வேலை.

இதற்கான பணம் பற்றி ஒரு விளக்கம். கட்டட வேலைக்கு ஜகாத் பணத்தைத் தொடவில்லை. ஜகாத் தகுதியுள்ள மனிதரின் கைக்கு உடைமையாகப் போய்ச் சேர வேண்டும். பள்ளிவாசல் கட்டுமானத்துக்கு அது செல்லாது என்பது ஹஜ்ரத் நமக்குச் சொன்ன சட்டம். சரிவுப் பாதையும் கழிப்பறையும் லில்லாஹ் நிதியில்தான். ஏழை ஒருவருக்குச் சக்கர நாற்காலியோ காது கேட்கும் கருவியோ வாங்கி அவருக்கே சொந்தமாகக் கொடுத்தால் அதை ஜகாத்தில் சேர்க்கலாம். ஒன்றை நினைவில் வையுங்கள். உடல் குறை இருப்பதாலேயே ஒருவர் ஜகாத் வாங்குபவராகிவிட மாட்டார். நம் மஹல்லாவிலேயே கால் ஊனமுற்ற ஒரு வியாபாரி ஆண்டுதோறும் ஜகாத் கொடுப்பவர்களில் ஒருவர். அவர் கையில் யாரோ ஒருமுறை பத்து ரூபாய் வைத்துவிட்டுப் போனதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

மதரஸா விஷயத்துக்கு வருகிறோம். மூளை முடக்குவாதம் உள்ள ஒன்பது வயதுப் பையன். பேச்சு மெதுவாக வரும், கை நடுங்கும். தாய் ஓத அனுப்பினார். மற்றப் பிள்ளைகள் கவனம் சிதறும் என்று நம் மதரஸாவில் திருப்பி அனுப்பிவிட்டோம். "இவனுக்குக் கடமை இல்லையே, வீட்டில் இருக்கட்டும்" என்று ஆறுதலாகவும் சொல்லியிருக்கிறோம். அந்தத் தாய் கேட்டார்: "கடமை இல்லன்னா சரி. ஆனா அவனுக்கு ஆசை இருக்கே?"

இதற்கு எங்களிடம் பதில் இல்லை. இப்போது அவன் வருகிறான். பெரிய வகுப்பு மாணவர் ஒருவர் அவன் பக்கத்தில் அரைமணி நேரம் உட்காருகிறார். ஆறு மாதத்தில் சூரா ஃபாத்திஹா வந்துவிட்டது. எழுத்து நம்மைப் போல வராது, வர வேண்டியதும் இல்லை. மற்றப் பிள்ளைகளின் கவனம் சிதறவில்லை. இடைவேளையில் அவனுக்குச் செருப்பு மாட்டிவிடப் போட்டி போடுகிறார்கள் என்று உஸ்தாத் சொல்கிறார்கள்.

பார்வையற்ற பிள்ளைகளுக்கு பிரெய்லியில் குர்ஆன் இருக்கிறது. அரபி வலமிருந்து இடம் போகும், பிரெய்லி அரபியோ இடமிருந்து வலம் போகும். அதனால் அதைத் தெரிந்த ஆசிரியர்தான் சொல்லிக் கொடுக்க முடியும். நம்மிடம் இன்னும் ஒருவர் இல்லை. நம் மதரஸாவில் ஓதி முடித்த பிள்ளைகளில் யாராவது அந்தப் பயிற்சிக்குப் போக விரும்பினால் செலவு அறக்கட்டளையுடையது. பாளையங்கோட்டையில் பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கிறிஸ்தவ மிஷனரிகள் பள்ளிகள் தொடங்கிவிட்டார்கள். ஆய்க்குடியில் கழுத்துக்குக் கீழ் செயலிழந்த நிலையில் எஸ். ராமகிருஷ்ணன் என்பவர் 1981இல் அமர் சேவா சங்கம் தொடங்கினார். எத்தனையோ குழந்தைகள் அங்கே சிகிச்சையும் படிப்பும் பெற்றிருக்கிறார்கள். நம் பிள்ளைகளும் இப்படிப்பட்ட இடங்களில் பயன் பெற்றிருக்கிறார்கள். நல்லதை எங்கே பார்த்தாலும் கற்றுக்கொள்வதில் நமக்கென்ன வெட்கம்?

காது கேளாதவர்கள் பள்ளிக்கு வருகிறார்கள், வரிசையில் நிற்கிறார்கள், ஆனால் குத்பாவுக்கு முந்திய தமிழ் பயானில் ஒரு சொல்லும் அவர்களுக்குப் போய்ச் சேர்வதில்லை. இனி பயானின் சுருக்கத்தை ஒரு பக்கத்தில் எழுதி முன்கூட்டியே அவர்கள் கைக்குக் கொடுக்க ஹஜ்ரத் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு அது போதாது. சைகை மொழி கற்க நான்கு இளைஞர்கள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். நிகாஹ் பற்றியும் ஒரு சந்தேகம் அடிக்கடி வருகிறது. வாய் பேச இயலாதவரின் தெளிவான சைகை சொல்லின் இடத்தில் நிற்கும் என்பது ஃபிக்ஹு நூல்களில் உள்ள சட்டம்தான். அதனால் நிகாஹ் பதிவேட்டைக் காரணம் காட்டி யாரும் இவர்களைத் தள்ளி வைக்க வேண்டாம்.

அடுத்து அரசு உரிமைகள். இதில் நம் மக்கள் இழப்பது அதிகம். மருத்துவக் குழு நாற்பது விழுக்காடும் அதற்கு மேலும் என்று சான்று தந்தால் அரசு வேலையில் 4 விழுக்காடு, உயர்கல்வியில் 5 விழுக்காடு இட ஒதுக்கீடு உண்டு. 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி சட்டப்படியான உரிமை. ஆறு வயதுக்குள் காது கேளாமை கண்டுபிடிக்கப்பட்டால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி பொருத்த வழி இருக்கிறது. "ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும்" என்று காத்திருந்து அந்த வயதைத் தாண்டவிட்டவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். குழந்தை சத்தத்துக்குத் திரும்பவில்லை என்றால் தாவீஸ் கட்டிக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள். துஆவும் செய்யுங்கள், மருத்துவரிடமும் காட்டுங்கள்.

பெற்றோர்கள் எங்களிடம் தனியாகக் கேட்கும் ஒரு கேள்வி உண்டு. "நாங்க மவுத்தாயிட்டா இவனை யார் பார்ப்பா?" இதைக் கேட்கும்போது அவர்கள் அழுவதில்லை. அழுது முடித்த பிறகுதான் கேட்கிறார்கள். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், மனவளர்ச்சிக் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்காக 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டம் இருக்கிறது. பதினெட்டு வயதுக்குப் பிறகு அவர்களுக்குச் சட்டப்படியான பாதுகாவலரை மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு நியமிக்கும். நிராமயா என்ற மருத்துவக் காப்பீடும் அதன் கீழ் உண்டு. ஆனால் சட்டம் ஒரு தாளைத்தான் தரும். அந்தத் தாளில் பெயர் எழுத ஒரு ஆள் வேண்டும். அண்ணனோ, தாய்மாமனோ, இல்லையென்றால் ஜமாஅத்தில் ஒருவரோ, "நான் இருக்கிறேன்" என்று அந்தப் பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே சொல்ல வேண்டும். இது பணத்தால் முடியாத உதவி. இன்று இரவு வீட்டுக்குப் போனதும், உங்கள் குடும்பத்தில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், அவன் வாப்பாவிடம் போய் அந்த வார்த்தையைச் சொல்லுங்கள்.

கடைசியாக, செய்ய வேண்டியவற்றை அறிவிப்பாகச் சொல்கிறோம். சனிக்கிழமை தோறும் அசருக்குப் பின் அறக்கட்டளை அலுவலகத்தில் அடையாள அட்டை, யூ.டி.ஐ.டி. அட்டை, பராமரிப்பு உதவித்தொகை விண்ணப்பங்களை நம் இளைஞர்கள் பூர்த்தி செய்து தருவார்கள். வர முடியாதவர்களின் வீட்டுக்கு அவர்களே வருவார்கள். இனி மேடையில் நிற்க வைத்து உதவி கொடுப்பதில்லை, படமும் எடுப்பதில்லை. இந்த இதழிலும் அப்படிப் படம் வராது. கல்யாண மண்டபம் கட்டுபவர்கள், வீடு கட்டுபவர்கள், படி வைக்கும் முன் ஒரு நிமிடம் யோசியுங்கள். பத்திரிகை கொடுக்கப் போகும்போது, "எல்லாரும் வாங்க" என்று பொதுவாகச் சொல்லாமல் பின்கட்டில் இருக்கும் அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லி அழையுங்கள். வந்தால் ஓரமாக உட்கார வைக்காதீர்கள். பார்வையற்றவரும் முடவரும் நோயாளியும் மற்றவர்களோடு சேர்ந்து உண்பதில் குற்றமில்லை என்று சூரா நூரில் அல்லாஹ் சொல்லியிருக்கிறான். அந்தப் பந்தியில் அவர்களுக்கு இடம் போட்டவன் அவனே. நாம் இலை போட்டால் போதும்.

பெண் பார்க்கப் போகும் தாய்மார்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். அந்த வீட்டில் இன்னொரு மகளும் இருக்கிறாள் என்று தெரிந்தால், "அவளையும் கூப்பிடுங்க, பாக்கணும்" என்று கேளுங்கள். அந்த ஒரு வார்த்தையில் எத்தனை வீட்டின் கதவு திறக்கும் என்று நீங்கள் பார்ப்பீர்கள்.

யா அல்லாஹ்! எங்கள் வாசல்களை உன் அடியார்கள் அனைவருக்கும் திறந்த வாசல்களாக ஆக்குவாயாக. எங்கள் நாவால் புண்பட்டவர்கள் எங்களை மன்னிக்கச் செய்வாயாக. தம் பிள்ளைகளை எண்ணி உறங்காமல் இருக்கும் பெற்றோர்களின் உள்ளங்களுக்கு அமைதி தருவாயாக. எங்கள் செயல்களை முகஸ்துதியிலிருந்து காப்பாற்றி ஏற்றுக்கொள்வாயாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.